ஆவ்ரி

என்னை ‘எண்பது’ என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அது மார்க்கும் இல்லை, எடையும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் நாள், பெஞ்சு முழுக்கப் பையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், “ஏட்டி, கொஞ்சம் தள்ளி இரேன்” என்றேன். எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம். ஃபேக்டரி வேலைக்காக ஓசூர் வந்து பதினைந்து வருஷமாகியும் வாயிலிருந்து அந்த ‘ட்டி’ போகவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எய்ட்டியா? அப்ப நான் என்னா, நாப்பதா?” என்றாள். பிறகு பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “வா எண்பது, உக்காரு” என்றாள்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அவள் பக்கத்தை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. அவளாக எழுந்து போகும்வரைக்கும்.

அவள் ஊர் ராயக்கோட்டை ரோட்டில், சானமாவுக் காட்டை ஒட்டி. அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம், அம்மாவுக்கு ரோஜாப் பண்ணையில் வேலை. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பஸ்ஸிலும் சந்தையிலும் கன்னடம். மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் தெலுங்கு எழுதத் தெரியாது, கன்னடமும் எழுதத் தெரியாது. எது எழுதினாலும் தமிழ் எழுத்தில்தான்.

ராகி அறுப்புக் காலத்தில் காட்டில் யானை இறங்கிவிட்டால் அவள் ஊருக்குக் காலை பஸ் வராது. அப்படி ஒருமுறை இரண்டு நாள் மட்டம் போட்டுவிட்டு லீவ் லெட்டர் கொண்டுவந்தாள். காய்ச்சலுக்கு எழுதுகிற அதே லெட்டர். காய்ச்சலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யானையைப் போட்டிருந்தாள். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் எலிஃபன்ட்ஸ்.’ இங்கிலீஷ் மிஸ் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். அவள் அசரவில்லை. எழுந்து நின்று, “என்னா மிஸ் தப்பு? காய்ச்சல்னா மாத்திரை போட்டா போயிரும். இது போவலையே மிஸ்” என்றாள். மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யானைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எங்களை இங்கிலீஷில் இறக்கிவிட்டது என் அப்பாதான். அப்பா லேத்தில் வேலை பார்த்தார். “இங்கிலீஷ் தெரிஞ்சவன் உக்காந்து பேசுதான், தெரியாதவன் நின்னு கேக்கான்” என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். ஒருநாள் பெங்களூர் மெஜஸ்டிக் நடைபாதையிலிருந்து தடியாக ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தார். பெரிய பரீட்சைகளுக்குப் படிக்கிறவர்களுக்கான கடினமான இங்கிலீஷ் வார்த்தைகள். அட்டையும் இல்லை, முன்னால் ஒரு கொத்துப் பக்கமும் இல்லை. எப்படி உச்சரிக்க வேண்டும் என்கிற விளக்கமெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் கைக்கு வந்தது வார்த்தை, அர்த்தம், கீழே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மிஸ்ஸைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாங்கள் தமிழ் மீடியம். மிஸ் இங்கிலீஷ் பாடத்தையே தமிழில்தான் நடத்துவார். அதனால் எழுத்து எப்படி இருந்ததோ அப்படியே வாசித்தோம். தமிழில் எழுதியதைத்தானே வாசிக்கிறோம். வெள்ளைக்காரன் மட்டும் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்று இருப்பான் என யார் கண்டார்கள்?

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் புத்தகத்தை விரித்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். அவள் ஊர் பஸ் வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். நாளைக்கு ஐந்து வார்த்தை என்று கணக்கு. மனப்பாடம் செய்வது எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு வரியைப் பத்து தடவை ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அது வேப்பங்காய். ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று பாஷையிலும் உரசிப் பார்த்து, எதிலாவது பொறி பறக்கிறதா என்று தேடுவாள்.

‘நாதிர்’ என்றால் எல்லாவற்றிலும் அடி மட்டம், அதற்குக் கீழே எதுவும் இல்லை. “நாதி இல்லாத எடம், நாதிர்” என்றாள். ‘கேண்டிட்’ என்றால் ஒளிவு மறைவில்லாமல் பேசுவது. “கண்டதைக் கண்டபடி சொல்றவ.” ‘பெல்லிகெரன்ட்’ என்று நாங்கள் வாசித்த வார்த்தைக்கு எந்நேரமும் சண்டைக்கு நிற்பவர் என்று அர்த்தம். அதற்குக் கன்னடத்துக்குப் போனாள். கன்னடத்தில் காலைக்கு ‘பெளிக்கே’. “பெளிக்கே எழுந்ததும் குழாயடியில கொடத்தைத் தூக்கிட்டு சண்டைக்கு நிக்கிறா பாரு, அவதான் பெல்லிகெரன்ட்.” அவள் ஊர்க் குழாயடியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னை விட்டு இன்றுவரை போகவில்லை.

அப்படி ஒன்று அகப்பட்டுவிட்டால் அவள் வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் உயர்த்தி ஒரு சொடக்குப் போடுவாள். ‘டப்’பென்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். எனக்குச் சொடக்கு வராது. என் விரலைப் பிடித்து வைத்து எத்தனையோ நாள் பழக்கிப் பார்த்தாள். துணி உரசுகிற சத்தம்தான் வரும். “இங்கிலீஷ் வருது, இது வரல, நீ எந்த ஊரு எண்பது?” என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒரே ஒருமுறை நானாக ஒன்று கண்டுபிடித்தேன். ‘லெதார்ஜி’ என்றால் அசதி, மந்தம். “லேத்துல நாள் பூரா நின்னுட்டு எங்க அப்பாவுக்கு வருதுல்லா, அதான்” என்றேன். அவள் எனக்காக இரண்டு கையாலும் சொடக்குப் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல் போனேன்.

இனி அந்த வார்த்தை. ஏ, டபிள்யூ, ஆர், ஒய். நினைத்தது நினைத்தபடி நடக்காமல் கோணிக்கொண்டு போவது, தாறுமாறாவது. ‘ஆவ்ரி’ என்று வாசித்தேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. தெலுங்கில் ‘ஆவிரி’ என்றால் நீராவி. “ஏமே, ஆவிரி! எங்கம்மா இட்லி ஊத்தி வெப்பா. மூடி சரியா உக்காரலைன்னா ஆவிரி ஒரு பக்கமா பூடும். ஒரு இட்லி வெந்திருக்கும், ஒரு இட்லி மாவா நிக்கும். ஆவிரி தப்பினா எல்லாமே ஆவ்ரி!” டப். புத்தகத்தின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் ‘ஆவிரி, இட்லி’ என்று எழுதினாள். அதற்குப்பின் எங்களுக்கு எல்லாமே ஆவ்ரிதான். கணக்குப் பரீட்சை ஆவ்ரி, மழையில் நனைந்த யூனிஃபார்ம் ஆவ்ரி, பஸ் வராவிட்டால் ஆவ்ரி. இருபது மைல் சுற்றளவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த பாஷை ஒருவருக்கும் தெரியாது. அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை அப்போது அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் மிஸ் ஒரு சேதி சொன்னார். மாவட்ட அளவில் கிருஷ்ணகிரியில் ஆங்கிலச் சொல் போட்டி, பள்ளிக்கு ஒருத்திதான் போகலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நம் பள்ளியிலேயே தேர்வு. பத்து வார்த்தைகள் தரப்படும். அந்தப் பத்தையும் வைத்து மேடையில் ஒரு கதை சொல்ல வேண்டும். ஆறு பேர் பெயர் கொடுத்தோம். ஆனால் போட்டி எங்கள் இரண்டு பேருக்குள்தான் என்று வகுப்புக்கே தெரியும். அன்று சாயங்காலம் பெஞ்சில் அவள் சொன்னாள்: “யாரு போனா என்னா எண்பது? நீ போனா நான் போன மாதிரி.” நானும் “ஆமாட்டி” என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ஞானஸ்நானம். அங்கே என் வயதில் ஒரு சித்தி மகள், பெரிய கான்வென்ட்டில் படிக்கிறவள். அவள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டாமா? கேக் வெட்டுவது தாமதமான சாக்கில், “பிளான் எல்லாம் ஆவ்ரி ஆயிட்டு போல” என்று எடுத்து விட்டேன். அவளுக்குப் புரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் வந்தது, வேறு காரணத்துக்கு.

பிறகு பாவம் பார்த்து, கம்ப்யூட்டரில் ஒரு அகராதியைத் திறந்து காட்டினாள். வார்த்தைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம். அதை அமுக்கினால் ஒரு வெள்ளைக்காரி சொன்னாள்: “அரை.” இன்னொரு தடவை அமுக்கினேன். “அரை.” எங்கே போயிற்று அந்த டபிள்யூ? யாரைக் கேட்பது? எல்லாரும் சாப்பிடப் போனபிறகும் நான் அங்கேயே உட்கார்ந்து, ஞாபகத்தில் இருந்த வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்டேன். ஒன்றுக்கு அச்சு அசலான உதாரணம் என்ற அர்த்தத்தில் நாங்கள் ‘எபிடோம்’ என்றது ‘எபிடமி’யாம். ‘பெல்லிகெரன்ட்’ ‘பெலிஜரன்ட்’டாம். ‘நாதிர்’ ‘நேடியர்’. நாங்கள் ஆறு மாதமாகக் கட்டிய வீட்டில் ஒரு சுவர்கூட நேராக இல்லை. ஓசூருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் உதடு அசைந்துகொண்டே வந்தது. அம்மா ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெஞ்சில் அவள் கேட்டாள், “ஃபங்ஷன் எப்பிடி?” நான் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக. அதற்குள் அவள் புது வார்த்தை ஒன்றுக்கு எதையோ கண்டுபிடித்துச் சொடக்குப் போட்டுவிட்டாள். எப்போதும் அவள்தான் கண்டுபிடிப்பாள், நான் எழுதிக்கொள்வேன். இது ஒன்று என்னிடம் மட்டும் இருக்கட்டுமே என்று தோன்றியது. “கேக்கு லேட்டு. எல்லாம் ஆவ்ரி” என்றேன். அவள் சிரித்தாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் ‘ஆவ்ரி’ என்று சொன்னாள், நானும் ‘ஆவ்ரி’ என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ‘அரை, அரை’ என்று சொல்லிப் பழகினேன்.

இதுகூடப் போகட்டும் என்று விடலாம். புதன்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு, “உங்ககிட்ட ஒரு புக்கு இருக்காமே, அதுல இருந்து பத்து வேர்ட் எழுதிக் குடு, அதையே போர்டுல போட்டுர்றேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்தில் ஏழு, எழுத்து ஒரு விதமாகவும் உச்சரிப்பு ஒரு விதமாகவும் இருக்கிற வார்த்தைகள். தற்செயலாக அமைந்தது என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தற்செயலாவது மண்ணாவது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், ஹால் நிறையப் பெண்கள். நடுவராக ஏதோ ஒரு கம்பெனியில் பயிற்சி கொடுக்கிற அதிகாரி, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். யானை இறங்கிய ஒரு காலையைக் கதையாகச் சொன்னாள். அம்மா இட்லிப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடியது, சண்டைக்காரப் பக்கத்து வீட்டம்மாவே அன்றைக்குக் கதவைத் திறந்து விட்டது, திரும்பி வந்தபோது யானை தக்காளியை மிதித்துப் போட்டுவிட்டு இட்லியைத் தொடாமல் போயிருந்தது. நல்ல கதை அது. என் கதையைவிட நூறு பங்கு நல்ல கதை. ஆனால் ‘பெல்லிகெரன்ட்’டிலேயே அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டார். ‘எபிடோம்’ வந்ததும் தோள் குலுங்கியது. ‘ஆவ்ரி’ என்றபோது வாய்விட்டே சிரித்துவிட்டு, “எந்த ஊர் இங்கிலீஷ்ம்மா இது?” என்று மைக்கில் கேட்டார். அவர் சிரித்தாரே என்று ஹாலும் சிரித்தது. ஹாலில் இருந்த ஒருத்திக்கும் சரியான உச்சரிப்பு தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். அவள் மட்டும் நிறுத்தவில்லை. காது மடல் சிவந்துபோய், இட்லியைத் தின்று முடிக்கிறவரை கதையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

அடுத்தது நான். என்ன கதை சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. ஏதோ ராஜா, ஏதோ மந்திரி. ‘பெலிஜரன்ட்’ என்றேன். டை கட்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘எபிடமி’ என்றேன், தலையாட்டினார். நான் அவளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவளைத்தான் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரம். “தி கிங்ஸ் பிளான் வென்ட் அரை” என்றேன். அவள் கண் ஒரு நொடி விரிந்தது. வலது கை மேலே எழும்பி வந்து, பாதியில் நின்று, மடியில் விழுந்தது. ‘இவளுக்கு முன்னாலேயே தெரியும்’ என்று சொல்லத்தான் கையைத் தூக்கினாள், அப்புறம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது அவள் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

“எப்போ தெரிஞ்சுது?” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. “ஞாயித்துக்கெழமை” என்றேன்.

அவள் விரலை மடக்கித் தெலுங்கில் எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது.” ஐந்து விரலும் மடங்கியதும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், பையைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பஸ் வந்தது.

“பரவாயில்லீங்க” என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

அந்த ‘ங்க’வைத் தெரியாமல் சொல்லியிருப்பாள் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனதைத் தேற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை என் மேஜைமேல் புத்தகம் இருந்தது. அந்த வாரம் அது அவள் வீட்டில் இருக்க வேண்டிய முறை. பிரவுன் அட்டை புதிதாகப் போட்டிருந்தாள். “ஏட்டி” என்றேன். “சொல்லுங்க” என்றாள். கூடவே என் பெயரையும் சொன்னாள், அட்டெண்டன்ஸில் இருக்கிற முழுப் பெயரை. அவள் வாயில் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அது யாரோ ஒரு பெரிய மனுஷியின் பெயராக இருந்தது.

வகுப்பில் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. அவள் சண்டை போடவே இல்லை. பேனா கேட்டால் தருவாள். “இந்தாங்க.” கணக்கு கேட்டால் சொல்லித் தருவாள். “இப்பிடிப் போடுங்க.” ப்ளஸ் டூ முடிகிறவரை, ஒரு வருஷத்துக்கு மேல், அவள் என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மறு வருஷம் ராகி அறுப்பு சமயத்தில் மூன்று நாள் வராமல் இருந்துவிட்டு வந்தாள். ஓடிப் போய், “யானையா?” என்று கேட்டேன். “ஆமாங்க” என்றாள். எனக்கு அழுகை வந்து, பாத்ரூம் பக்கம் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். ‘நீங்க’ என்று சொல்கிறவளிடம் எந்தப் பேச்சில் மன்னிப்புக் கேட்பது? நானும் பதிலுக்கு நீங்க போட்டால் எல்லாம் முடிந்துபோகும். வாடி போடி என்றால் அவள் காதில் ஏறவில்லை.

கிருஷ்ணகிரிக்குப் போனேன். மிஸ்ஸோடு பஸ்ஸில் போய், இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே கேட்டவற்றில் ‘நேடியர்’ வந்தது. ‘லோயஸ்ட் பாயின்ட்’ என்று பதில் சொன்னது என் வாய். உள்ளே கேட்டது அவள் குரல்: நாதி இல்லாத எடம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் குரல்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் அர்த்தம் வந்தது. சான்றிதழை அப்பா லேமினேட் செய்து, ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அப்பா ஆசைப்பட்டபடி நான் இப்போது உட்கார்ந்து பேசுகிற வேலையில்தான் இருக்கிறேன். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு. வாரம் ஒருமுறை வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோ மீட்டிங். அவர்கள் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடிக்கும். நானாக அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சுற்றி வளைத்து வேறு நாலு வார்த்தை போட்டுச் சமாளிப்பேன். எங்கள் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் நாற்பது பேர் இருக்கிறோம், அவள் இல்லை. மாலூர் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள் என்று யாரோ போட்டார்கள். நம்பர் ஒருத்தியிடமும் இல்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவளைத் தேடும். புது வார்த்தை எதையாவது கேட்டால், இதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று மனசு ஒரு நிமிஷம் சொடக்குக்குக் காத்திருக்கும்.

போன மாதம் ஒரு காலையில் பெங்களூர் போக அத்திப்பள்ளியில் பஸ் மாறினேன். பூக்கூடைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஒருத்தி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ். “டெலிவரி, டுமாரோ மார்னிங், ஷூர் சார்.” குரலைக் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. பதினாலு வருஷம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு என் பெயரைச் சொன்னாள், முழுப் பெயரை. “நல்லா இருக்கீங்களா?”

மாலூர் பக்கத்து ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர். துபாய்க்குப் பூ அனுப்புகிறார்களாம், அதுதான் ஃபோன். ஒரு பையன், இரண்டாவது படிக்கிறான். அப்பா தக்காளியை விட்டுவிட்டார். எல்லாம் சொன்னாள். நானும் சொன்னேன். ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினோம், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசுவதுபோல. தூரத்தில் அவள் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டினாள். பதினாலு வருஷமாக நான் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு வரி வரவில்லை. வாயில் வந்தது இதுதான்:

“அன்னிக்கி எல்லாத்தையும் நான்தான் ஆவ்ரி ஆக்கிட்டேன் ஏட்டி.”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“அது அரைங்க” என்றாள், மெதுவாக, திருத்துகிற தொனியில். “தெலுங்குல அர, கன்னடத்துல அரெ, நமக்கு அரை. மூணுலயும் பாதிதானே? ஆவி பத்தலைன்னா இட்லி அரைவேக்காடு. அப்பிடி வெச்சுக்கோங்க, மறக்காது.”

தப்பாகச் சொன்னபோது ஒரு பாஷையில்தான் பொருந்திற்று. சரியாகச் சொன்னால் மூன்றிலும் பொருந்துகிறது. அதே இட்லி, அதே ஆவி. பதினாலு வருஷமாக அந்த வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

“எப்போ கண்டுபிடிச்ச?” என்றேன்.

“அன்னிக்கேதான். மேடையில நீங்க சொன்னீங்களே, அப்பவே.” பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். “உங்ககிட்ட சொல்லணும்னு கையைக்கூடத் தூக்கினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நீங்க எங்கிட்ட சொல்லலையேன்னு. வர்றேங்க.”

பஸ் போய்விட்டது. அன்றைக்கு அந்தக் கை எதற்காக எழுந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க இல்லை. என்னிடம் ஓடிவரத்தான். நான் ஐந்து நாள் மறைத்து வைத்ததை அவள் அரை நொடிகூட மறைத்து வைக்க நினைக்கவில்லை.

என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். பூக்காரம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். எனக்கு இன்னமும் சொடக்கு வரவில்லை.